குட்டி கியர்க்காரர்

ஓசூர் வட்டாரத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குட்டி கியர்க்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். அஞ்செட்டிப் பக்கம் ராகி மூட்டை, ஆட்டுக்குட்டி, ஊருக்குத் திரும்பும் பாட்டி எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மலைக் கிராமத்துக்குப் போகிறவருக்கு ஜீப் ஒரு பிழைப்பு. அவர் வண்டியைப் பற்றிப் பேசவே மாட்டார். பேசினால் டீசல் விலையைப் பற்றித்தான். குட்டி கியர்க்காரருக்கோ ஜீப் ஒரு கட்சி. அதற்கு அவரே தலைவர், அவரே பேச்சாளர், பல ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டரும் அவர் ஒருவர்தான்.

பெயர்க்காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்புகளில் கியர் கம்பியை ஒட்டிக் குட்டையாக இன்னொரு கம்பி நிற்கும். சில வண்டிகளில் இரண்டு. பின் சக்கரங்களுக்கு மட்டும் போகிற எஞ்சின் விசையை முன் சக்கரங்களுக்கும் அனுப்புவதும், எல்லாக் கியரையும் இன்னொரு படி இறக்கி, வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுவதும் அதன் வேலை. ஃபோர் வீல், லோ கியர் என்று சொல்வது இதைத்தான். மனித குலத்தை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்: கம்பியைத் தள்ளுகிறவர்கள், பொத்தானை அமுக்குகிறவர்கள். 2020-இல் வந்த புதிய மகிந்திரா தாரிலும் 2023-இல் வந்த மாருதி ஜிம்னியிலும் குட்டிக் கம்பியும் இருந்தது, கம்ப்யூட்டரும் இருந்தது. இவற்றை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. “கம்பி நம்ம ஆளு, மிச்சமெல்லாம் அவங்க ஆளு” என்று தற்காலிகமாகப் பைசல் செய்திருக்கிறார்.

வயது அறுபதை ஒட்டி இருக்கும். சேலம், தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்தில் ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்து, எண்பதுகளில் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர். அசோக் லேலண்டின் லாரியும் டி.வி.எஸ்.ஸின் மொபெட்டும் டைட்டனின் கைக்கடிகாரமும் ஒரே ஊரில் உருவாகத் தொடங்கிய காலம் அது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் உட்காருகிற ஊர். குட்டி கியர்க்காரர் பாடம் நடத்துவது தமிழில், பழைய சாமானுக்குப் பேரம் பேசுவது கன்னடத்தில், ஸ்பானர் நழுவிக் கையில் பட்டால் திட்டுவது தெலுங்கில்.

இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் தரம் என்பது ஏறக்குறைய ஒரு மதம். 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. கெய்சன், போகா யோகே என்ற ஜப்பானியச் சொற்கள் சிப்காட் டீக்கடை வரை வந்து பஜ்ஜியோடு ஊறிவிட்டன. போகா யோகே என்றால், வேலை செய்கிறவர் தப்பு பண்ண நினைத்தாலும் பண்ண முடியாதபடி ஏற்பாடு செய்து வைப்பது. நாலு போல்ட்டில் ஒன்றை முடுக்க மறந்தால் சிவப்பு விளக்கு எரியும், கன்வேயர் நகராது. குட்டி கியர்க்காரர் முப்பது வருடம் இந்த விளக்குகளை மாட்டியே பதவி உயர்வு வாங்கியவர். “மனுசன் கையை நம்பாதே, சென்சாரை நம்பு” என்று புதுப் பையன்களுக்கு வகுப்பு எடுத்தவர். அதே சென்சாரைச் சக்கரத்தில் மாட்டினால் மட்டும் “ஆளைச் சோம்பேறி ஆக்குற வேலை” என்பார். திங்கள் முதல் சனி வரை ஒரு வேதம், ஞாயிற்றுக்கு வேறு வேதம். இதைச் சுட்டிக் காட்டியவர்கள் உண்டு. “அது புரொடக்‌ஷன், இது டிரைவிங்” என்ற பதிலோடு அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வண்டிக்கு வருவோம். வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா 1947-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இந்த வம்சம் அங்கேதான் தொடங்குகிறது. குட்டி கியர்க்காரரிடம் இருப்பது பெரும்பாலும் எண்பதுகளின் எம்.எம். 540, இல்லையென்றால் 1985-இல் மாருதி இறக்கிய ஜிப்சி. (ஜீப்காரருக்கும் ஜிப்சிக்காரருக்கும் இடையிலான சைவ வைணவச் சண்டை தனிப் புத்தகத்துக்குரியது.) எஸ்டேட்டில் கைமாறியதோ ராணுவ ஏலத்தில் எடுத்ததோ, அதன் பூர்வீகத்தை அவர் ஸ்தல புராணம்போலச் சொல்வார். வாங்கிய விலை என்று வீட்டில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. அதற்குப் பிறகு செலவானது கணக்குக்கு அப்பாற்பட்டது. சாமான் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சிப்காட்டைச் சுற்றி லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. வாரம் முழுக்க மைக்ரான் கணக்கில் கடைகிற பட்டறைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் இவர் நீட்டுகிற தேய்ந்த புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டிராயிங் இருக்கா சார்?” என்பார். “நீதான் போடணும்” என்பார் இவர். பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனபோது, மற்றவர்கள் புலம்பினார்கள். இவருக்கு அதில் ஒரு பெருமை. தன் வண்டியைக் கண்டு டெல்லியே பயப்படுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய எதிராளிகள் யார் யார் என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம். மூத்தவர் ஏ.பி.எஸ். பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடிஸ் கார் ஒன்றில் கொண்டுவந்தது. ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்ததும் ஏதாவது ஒரு சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால், அந்தப் பிரேக்கை மட்டும் நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். சக்கரம் பூட்டாமல் இருந்தால்தான் ஸ்டீயரிங் கேட்கும். அடுத்தவர் ஈ.எஸ்.பி., 1995-இல் அதே மெர்சிடிஸில் வந்தது. டிரைவர் திருப்புகிற பக்கம் ஒன்று, வண்டி போகிற பக்கம் ஒன்று என்று ஆனால், வேண்டிய சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து வழிக்குக் கொண்டுவரும். 1997-இல் சுவீடனில், சாலையில் திடீரென்று மான் குறுக்கே வந்தால் வளைத்து ஒடிக்கிற சோதனையில் மெர்சிடிஸின் புத்தம் புதிய சிறிய கார் ஒன்று கவிழ்ந்து மானம் போனது. அதற்குப் பிறகு அந்தக் காருக்கு ஈ.எஸ்.பி. கட்டாயத் தாலியானது. ஓசூரில் குறுக்கே வருவது மான் இல்லை, யானை. அதற்குச் சோதனை வைக்க இதுவரை யாரும் முன்வரவில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். இருந்தாக வேண்டும் என்றாயிற்று. ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் ஜிப்சியின் உற்பத்தியும் நின்றது. இரண்டையும் சேர்த்து அவர் ஒரு படுகொலைக் கதை சொல்வார்.

ஏ.பி.எஸ்.ஸுக்கு எதிராக அவரிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அது உண்மையும்கூட. தார் ரோட்டில் சக்கரம் பூட்டினால் வழுக்கும். ஜல்லி பரவிய பாதையிலும் உதிரி மண்ணிலும் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணை உழுது குவிக்கும். அந்தக் குவியலே தடையாகி வண்டியைச் சீக்கிரம் நிறுத்தும். விட்டு விட்டுப் பிடிக்கிற ஏ.பி.எஸ். அந்தக் குவியலைச் சேரவிடாமல் உருண்டு போய்விடுவதால், அங்கே வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அதனால்தான் பல நிறுவனங்கள் கரடுமுரடுப் பாதைக்கென்று ஏ.பி.எஸ்.ஸுக்கு வேறு கணக்கு எழுதுகின்றன. இந்தக் கடைசித் தகவலை அவர் சொல்ல மாட்டார்.

டிஃபரன்ஷியல் கதை இன்னும் ருசியானது. வளைவில் வெளிச் சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும், உள்சக்கரம் குறைவாகச் சுற்றினால் போதும். அதற்காக ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே வைத்த பல்சக்கரக் கூட்டம்தான் டிஃபரன்ஷியல். இது ஒரு விசித்திரமான பாகப்பிரிவினை: இரண்டு பேருக்கும் எப்போதும் சம பங்கு, ஒருவனால் எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியுமோ அவ்வளவுதான் மற்றவனுக்கும். ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ இருந்தால் அதற்குப் பிடிமானம் இல்லை, ஏறக்குறைய ஒன்றும் வாங்க முடியாது. உடனே கெட்டித் தரையில் நிற்கிற அண்ணனுக்கும் ஒன்றும் கிடையாது. தம்பி வீணாகச் சுற்றுவான், அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஃபோர்ஸ் கூர்க்காவில் இருப்பதுபோல டிஃபரன்ஷியலையே பூட்டிவிடுவது ஒரு வழி. சும்மா சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, அவனையும் கொஞ்சம் பாரம் சுமக்க வைத்து, அதன் மூலம் அண்ணனுக்கும் பங்கு வாங்கிக் கொடுப்பது மின்னணுவின் வழி. டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது இதுதான். இதில் ஒரு குறை உண்டு: சக்கரம் முதலில் வழுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விழித்துக்கொள்ளும். மணலில் எஞ்சின் விசையையும் குறைத்துவிட்டால் வேகம் செத்து வண்டி புதைந்துபோகும். குட்டி கியர்க்காரர் இந்தக் குறைகளைப் பத்து விரலிலும் வைத்திருப்பார். தன் ஜீப்பில் பூட்டும் இல்லை, பிரேக் பிடிக்கிற மூளையும் இல்லை என்பது பதினோராவது விரல்.

இறக்கம் இறங்குகிற விஷயத்தில் அவர் வாயைத் திறந்தால் மூட முடியாது. 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் முதலில் வந்த ஏற்பாடு, செங்குத்தான சரிவில் நாலு பிரேக்கையும் தானே தட்டித் தட்டி வண்டியை மெதுவாக இறக்கும். அந்த ஃப்ரீலேண்டரில் லோ கியரே கிடையாது. இல்லாத கியருக்கு ஈடாகத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அவரைப் பொறுத்தவரை அதுவே வழக்கின் தீர்ப்பு. லோ கியரில் ஒன்றாவது போட்டு, பிரேக்கிலிருந்தும் கிளட்சிலிருந்தும் காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அதுவும் சரிதான். ஆனால் ஆற்றைக் கடந்து வந்த டிரம் பிரேக் நனைந்தபின் கொஞ்ச தூரத்துக்குப் பெயரளவில்தான் பிரேக் என்பதும், ஸ்டீயரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேரும் என்பதும் அவர் சொற்பொழிவில் வராது. மகளுக்குக் கார் வாங்கியபோது ஆறு ஏர்பேக், ஈ.எஸ்.பி., மோதல் சோதனை நட்சத்திரம் எல்லாவற்றையும் ஜாதகப் பொருத்தம்போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனைவி ஜீப்பில் ஏறி வெகு நாளாகிறது. சந்திரசூடேசுவரர் மலைக்குப் போவதென்றாலும் ஆட்டோதான்.

எதிர்க்கட்சியின் இளைஞரைப் பற்றி நாலு வரி போதும். முப்பது வயது, எலக்ட்ரானிக் சிட்டியிலோ, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்திருக்கிற மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளிலோ வேலை. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. பனி, மணல், சேறு என்று திருகி வைக்க நிலைகள் இருக்கும். பனி என்றால் மார்கழியில் தளியில் பெய்வதைத்தான் இந்த ஊர் அறியும். அதற்கு மஃப்ளர் போதும். இருந்தாலும் ஒருமுறையாவது அதில் வைத்துப் பார்க்காத இளைஞர் இல்லை. அவர் பெரியவரை “அங்கிள்” என்று கூப்பிடுவார். ஜீப்பைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்கிற குட்டி கியர்க்காரருக்கு இது மட்டும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சந்திக்கிற இடம் காடு இல்லை. ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் பெரும் பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் அடங்கும். அனுமதி இல்லாமல் வண்டியை உள்ளே விட்டால் வழக்கு. குளிர்காலத்தில் ராகி விளைகிற சமயத்தில் யானைக் கூட்டம் சானமாவு வரை வரும். அந்த நாட்களில் காட்டோரப் பாதையைத் தொடாமல் இருப்பது குட்டி கியர்க்காரரின் கொள்கைகளிலேயே ஐயத்துக்கு இடமில்லாதது. ஆகவே கைவிட்ட கிரானைட் குவாரி, தண்ணீர் வற்றிய ஏரி, தெரிந்தவரின் தரிசு நிலம். இங்கே எல்லையின் இருபுறத்திலிருந்தும் வண்டிகள் சேரும். ஆறு மணிக்குப் புறப்பாடு, எட்டு மணிக்கு இட்லி, பத்து மணிக்குத்தான் மண்.

குவாரிப் பாதையில் ஒரு இடத்தில் இடமும் வலமும் மாறி மாறிப் பள்ளம். புது வண்டி ஏறுகிறது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்க்கோடிச் சக்கரமும் பிடிமானம் இழந்து சுற்றுகின்றன. இளைஞர் பயந்து காலை எடுக்கிறார். “பார்த்தியா தம்பி” என்று குட்டி கியர்க்காரர் ஆரம்பிக்கிறார். யாரோ, “ஆக்சிலேட்டரை விடாதே, அப்படியே பிடி” என்று கத்த, இளைஞர் மிதிக்க, அடியில் கர்க் கர்க் என்று பிரேக் கடிக்கிற சத்தம். ஒரு மூச்சு தயங்கிவிட்டு வண்டி படியேறுகிற பாட்டிபோல மெல்ல மேலே போய்விடுகிறது. பெரியவரின் வாக்கியம் பாதியில் நிற்கிறது. அடுத்து ஜீப். கமான் பட்டை விறைப்பு. ஒரு சக்கரம் அழகாக அந்தரத்தில் எழுகிறது, அந்தரத்திலேயே சுற்றுகிறது. தம்பி சுற்றுகிறான், அண்ணன் கையைக் கட்டி நிற்கிறான். அவர் சலிக்காமல் பின்னால் வந்து, வேறு கோட்டைப் பார்த்து, கொஞ்சம் ஓட்டம் கொடுத்து, மூன்றாவது தடவை ஏறிவிடுகிறார். சக்கரத்தை எந்தக் கல்லின்மேல் வைக்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிற அந்தக் கண்ணுக்கு இதுவரை சென்சார் வரவில்லை. அதைக் கைதட்டிய இளைஞர்களுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியவில்லை. அவர் பெருமையை ஜீப்பின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஏரியில் கட்சி பேதம் இல்லாமல் போயிற்று. மேலே காய்ந்து வெடித்த வண்டல், ஒரு சாண் கீழே மாவு. மணல் நிலையில் வைத்துக்கொண்டு போன புது வண்டி நடுவில் உட்கார்ந்தது. கயிற்றோடு காப்பாற்றப் போன ஜீப், அச்சு மண்ணில் படிகிற அளவுக்கு அதைவிட ஆழமாக உட்கார்ந்தது. அரை மணி நேரம் கழித்துக் கரையிலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவருக்குச் செருப்பில்லை. இறங்கி இரண்டு வண்டியின் டயரையும் கையால் தட்டிப் பார்த்தார்.

“காத்தை எறக்கலையாண்ணா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் தரையில் படிகிற பரப்பு நீளும், பாரம் பரவும், புதைகிற மண்ணிலும் சக்கரம் மிதக்கும். காசில்லாத இந்த உபாயம் இரண்டு கட்சிக்கும் தெரியும். இட்லி முடிந்து பேச்சு சுவாரசியத்தில் இருவருமே மறந்திருந்தார்கள். இளைஞர் நாலு டயரிலும் 18 வரை இறக்கினார். டயரில் காற்று குறைவு என்று முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி கூச்சல் போட்டது. கூச்சல் போட்டுக்கொண்டே தானாக வெளியே வந்தது.

ஜீப்புக்கும் காற்றை இறக்கினார்கள். ஆனால் அச்சு படிந்துவிட்டதால் சங்கிலி போட வேண்டியிருந்தது. இழுக்கும்போது டிராக்டரின் இடது பின்சக்கரம் ஈரத்தில் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தது. டிராக்டரில் பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனிப் பிரேக் பெடல் உண்டு. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுவார்கள். செருப்பில்லாத கால் இடது பெடலை மட்டும் மெல்லத் தொட்டது. இடது சக்கரம் அடங்க, வலது சக்கரம் கடித்துப் பிடித்தது. ஜீப் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

“அங்கிள், பார்த்தீங்களா! இதேதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல்!”

“அது அவர் கால் தம்பி.”

டிராக்டர்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டார். இளைஞர் போனை எடுத்து ஸ்கேன் செய்தார். குட்டி கியர்க்காரர் பாதியை நோட்டாக எண்ணி இளைஞரின் சட்டைப் பையில் திணித்தார். இனி தார் ரோட்டில் வீட்டுக்குப் போக எட்டு டயருக்கும் காற்று ஏற்ற வேண்டும். ஜீப்பின் பெட்டியில் பித்தளைக் கால் பம்பு ஒன்று இருந்தது, ராணுவ ஏலத்தில் வண்டியோடு வந்தது என்று சொல்லப்படுவது. முதல் டயரில் இருபது மிதி மிதித்ததும் அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். பக்கத்தில் இளைஞரின் காரிலிருந்து வயர் நீட்டிய சின்னக் கருவி, வேண்டிய அளவை எண்ணில் காட்டி, அந்த அளவு வந்ததும் தானே நின்றது. அவர் அதை இரவல் வாங்கி நாலு டயரையும் நிரப்பிக்கொண்டார். அது மின்னணு இல்லை, வெறும் மின்சாரம் என்பது அவர் தந்த விளக்கம்.